வெளி ரேஞ்சில் சுடும்போது கண்ணாடி மங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் துப்பாக்கி சுடும் திறந்தவெளி ரேஞ்சில், புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், சத்தம் கேட்காமல் காதை மூடுகிற இயர்மஃபும் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சுடுவதைப் பற்றிக் கேட்பவர்களைவிடக் கண்ணாடியில் ஆவி படிவதைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

ஏர்கன்தானுங்க, தோட்டத்துல கொட்டாங்குச்சிய வெச்சுச் சுடறேன். அதுக்குக்கூடக் கண்ணாடி வேணுங்களா?

வேணுமுங்க. 4.5 மி.மீ. பெல்லட் ஈயத்தால் ஆனது. கொட்டாங்குச்சி, பாட்டில், கல், இரும்புத் தகடு மாதிரி கெட்டியான எதில் பட்டாலும் தட்டையாகி, பட்ட கோணத்தைப் பொறுத்து உங்கள் பக்கமே திரும்பி வரும். சும்மா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற பையனுக்கும் அதே ஆபத்துதான். அதனால் கண்ணாடி சுடுகிறவருக்கு மட்டுமல்ல, நிற்கிற எல்லோருக்கும்.

.22 ரைபிளில் வெளியே தெறிக்கிற காலித் தோட்டா சுடச்சுட இருக்கும். ஷாட்கன்னில், பறக்கவிட்டுச் சுடுகிற தட்டு உடைந்து அதன் சில்லு காற்றில் வரும். கண்ணாடியின் வேலை இப்படிச் சிதறி வருவதைத் தடுப்பது. நேராக வருகிற குண்டைத் தடுக்கிற கண்ணாடி கடையில் கிடைக்காது. தோட்டத்தில் சுடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மயிலையோ கொக்கையோ குறிவைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் உங்களைத் தேடி வரும்.

புதுக் கண்ணாடிங்க, வாங்கி ஒரு வாரங்கூட ஆகல. ஏன் மங்குது?

பழசு புதுசுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டில் வெளியே வேர்ப்பது மாதிரிதான் இதுவும். காற்றில் இருக்கிற ஈரம், ஓரளவுக்கு மேல் குளிர்ந்த பரப்பைத் தொட்டால் தண்ணீராகிவிடும். அந்த அளவுக்குப் பனிநிலை என்று பெயர். லென்ஸின் வெப்பம், அதைத் தொடுகிற காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தால் ஆவி படியும், கூடினால் படியாது. இந்தப் பக்கத்தில் இனி வருகிற எல்லாப் பதிலும் இந்த ஒரு வரியில் இருந்து வருவதுதான்.

கணக்காகச் சொன்னால்: ஐப்பசி மாதக் காலையில் 24 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை சுமார் 22 டிகிரி. லென்ஸ் 20 டிகிரியில் இருந்தால் உடனே மங்கும். கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் 36 டிகிரி வெப்பம், 30 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை 16 டிகிரிக்கும் கீழே. அங்கே அதே கண்ணாடி மங்காது.

எந்த மாசத்துலங்க இந்தத் தொந்தரவு அதிகம்?

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகைதான் மோசம். வடகிழக்குப் பருவமழையில் காற்று முழுக்க ஈரம், காற்றோட்டமும் குறைவு. மார்கழியில் விடிகாலை மட்டும் படுத்தும், வெயில் ஏறினதும் தானாகவே சரியாகிவிடும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று நமக்குப் பெரிய உதவி. லென்ஸுக்குப் பின்னால் தேங்குகிற ஈரத்தை அதுவே அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் கூடவே புழுதியைக் கொண்டுவரும். அந்த மாதங்களில் ஆவியைவிடக் கீறல்தான் கண்ணாடியைக் கெடுக்கிறது. தாராபுரம், காங்கேயம் ஆட்களுக்கு வருடத்தில் பாதி நாள் இந்தப் பக்கமே தேவைப்படாது. மேட்டுப்பாளையம், ஆழியாறு மாதிரி மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு எல்லா மாதமும் தேவைப்படும்.

கார்ல இருந்து எறங்குன ஒடனே ரெண்டு கண்ணாடியும் வெள்ளையாயிருது. கெட்டுப் போச்சுங்களா?

கெடவில்லை. ஏசி காருக்குள் லென்ஸ் குளிர்ந்திருக்கிறது. வெளியே ஈரக்காற்று பட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாக மங்குகிறது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன லென்ஸ் மெல்லியது, வெளிவெப்பத்துக்கு வரச் சில நிமிடம் போதும். துடைக்காமல் விட்டால் தானாகவே தெளிந்துவிடும். துடைத்தால் லென்ஸின் குளிர்ச்சி அப்படியேதான் இருக்கும், அடுத்த நொடி மறுபடியும் படியும். அவசரத்தில் துடைத்து எல்லாவற்றையும் ஈரப் பட்டையாக்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கண்ணாடிப் பெட்டியை ஏசி படாத டிக்கியில் வையுங்கள். அல்லது ரேஞ்ச் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கிவிடுங்கள். டாஷ்போர்டில் வெயில் படும்படி வைத்துச் சூடேற்றுவது வேண்டாம். லென்ஸின் மேல்பூச்சான கோட்டிங் வெடிப்பு விடும், பிரேம் நெளிந்துவிடும்.

எறங்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் சுட்டதுக்கப்பறம்தான் மங்குது. இது என்ன கணக்குங்க?

இது வேறு நோய். மேலே சொன்னது வெளியே இருந்து வந்தது, இது உங்களிடம் இருந்து வருவது. முகத்தின் தோல் 33, 34 டிகிரியில் இருக்கும். வியர்வை அதன்மேல் ஆவியாகி லென்ஸுக்கும் முகத்துக்கும் நடுவே அடைபடுகிறது. அந்தச் சின்ன இடத்தில் பனிநிலை வெளிக்காற்றைவிட மிக அதிகம். லென்ஸோ வெளியே இருக்கிற 24 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் உள்பக்கம் மட்டும் மங்கும்.

யாராவது "மங்குது" என்று வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உள்ளேயா, வெளியேயா? வெளிப்பக்கத்தை விரலால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, காத்திருந்தால் போதும். கோடு விழவில்லை என்றால் ஆவி உள்பக்கம். அதற்குக் காற்றுப் போக வழி வேண்டும், சோப்பும் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாத ஸ்ப்ரே வாங்குகிறார்கள்.

காற்றுக்கு வழி என்றால் பெரிய வேலை எதுவும் இல்லை. மூக்குப் பட்டையை வளைத்து லென்ஸை முகத்தில் இருந்து சற்றே தள்ளி வையுங்கள். புருவமும் கண்ணிமையும் லென்ஸில் முட்டக் கூடாது. நெற்றியில் துணிப்பட்டை கட்டி வியர்வை கீழே இறங்காமல் பாருங்கள். நின்று ஆறி, மூச்சு சமமானபின் கண்ணாடியைப் போடுங்கள். பார்க்கிங்கில் இருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து வந்து, கண்ணாடியை மாட்டி, சுடுகிற வரிசையான ஃபயரிங் லைனில் நின்றால் மங்காமல் என்ன செய்யும்?

தலைக்கு எண்ணெ வெச்சுட்டு வந்தாத் தொந்தரவு அதிகமாகுதுன்னு சொல்றாங்களே?

உண்மைதான். தேங்காய் எண்ணெய் வியர்வையோடு இறங்கி லென்ஸில் ஒட்டும். எண்ணெய்ப் பரப்பில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், அந்த முத்துகள்தான் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பார்வையை மறைக்கின்றன. சுடப் போகிற அன்று எண்ணெய் வேண்டாம். சன்ஸ்கிரீன் பூசினாலும் புருவத்துக்கு மேலே பூச வேண்டாம்.

மூச்ச அடக்கிட்டாச் சரியாப் போயிருமா?

ரைபிள், பிஸ்டல் சுடுகிறவர்கள் ட்ரிகர் இழுக்கும்போது எப்படியும் சில நொடி மூச்சை நிறுத்துகிறார்கள். அதற்கு முன் விடுகிற நீண்ட மூச்சு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. வாயைக் குவித்து ஊதினால் அது மேலேறி லென்ஸுக்குப் போகும். மூக்கு வழியாகக் கீழ்நோக்கி விடுங்கள், அல்லது மேலுதட்டை முன்னே தள்ளிக் கீழே ஊதுங்கள். குளிருக்கு மப்ளரையோ முகக்கவசத்தையோ மூக்குவரை ஏற்றிக் கட்டியிருந்தால் மூச்சு முழுக்க மேல் இடுக்கு வழியாக நேராகக் கண்ணாடிக்குள்தான் போகும். மப்ளரை இறக்கிவிடுங்கள்.

துண்டுல தொடச்சாப் போதாதா? எங்கூட்டுல அப்படித்தான் தொடப்போம்.

போதாது, கெடுதலும் செய்யும். துண்டில் இருக்கிற புழுதி பாலிகார்பனேட்டைக் கீறும். இது கண்ணாடியைவிட மென்மையான பொருள். அடிபட்டால் உடையாது, ஆனால் உரசினால் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் ஆவி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், கோட்டிங்கும் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

முதலில் தண்ணீரை ஓடவிட்டுப் புழுதியை இறக்குங்கள். அப்புறம் விரலால் நுரை தேய்த்துக் கழுவி, உதறி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ரேஞ்சில் தண்ணீர் இல்லாவிட்டால் காற்றுப் பம்பால் ஊதிவிட்டு அப்புறம் துடையுங்கள்.

பாத்திரம் கழுவற லிக்விட் போடச் சொல்றாங்க. நெசமாலுமே வேல செய்யுதுங்களா?

செய்கிறது. சோப்புப் படலம் இருந்தால் தண்ணீர் முத்தாக நிற்காமல் சமமாகப் பரவும். ஈரம் அப்போதும் லென்ஸில்தான் இருக்கும், ஆனால் சன்னமான படலமாக இருப்பதால் பார்வை போகாது. கடையில் விற்கிற பாதி ஆன்டி-ஃபாக் திரவங்களின் ரகசியமும் இதுதான்.

சுத்தமான, உலர்ந்த லென்ஸில் ஒரே ஒரு சொட்டு. உள்பக்கம் முழுக்க விரலால் தடவி, அப்படியே இரண்டு நிமிடம் விட்டு, பஞ்சு மாதிரி மென்மையான துணியால் தெளிவாகும்வரை மெதுவாக மெருகேற்றுங்கள். கழுவிவிடக் கூடாது. சிலர் தண்ணீரில் அலசிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று வருகிறார்கள். அலசினால் படலமும் போய்விடும். இந்தப் பூச்சு ஒரு காலைப் பொழுதுக்குத் தாங்கும், அவ்வளவுதான். வியர்வை கண்ணுக்குள் இறங்கினால் சோப்பும் சேர்ந்து இறங்கி எரியும், அதனால் கொஞ்சமாகப் பூசுங்கள்.

இங்கே ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. லிக்விட் பூசுவதற்கு முன் லென்ஸைப் போர்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாக உப்புத் தடம் நிற்கும். அதைத் தேய்த்தால் கீறலாகும். கடைசி அலசலுக்குச் சிறுவாணித் தண்ணீரோ வடிகட்டிய குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் சோப்பு வேண்டாம். கடினத் தண்ணீரில் அது திரிந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், பாத்திர லிக்விட் அப்படித் திரியாது.

டூத்பேஸ்ட், உருளக்கெழங்கு, எச்சில், ஷேவிங் கிரீம், அரப்பு… இதுல எதுங்க நல்லது?

டூத்பேஸ்ட் கூடவே கூடாது. பல்லைத் தேய்ப்பதற்காகவே அதில் சன்னத் தூள் கலக்கிறார்கள், லென்ஸையும் அது தேய்த்துவிடும். திருநீறு போட்டுத் துடைக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கண்ணாடி வழியாகப் பார்த்தால் மார்கழி மாதம்போலவே இருக்கும்.

ஷேவிங் கிரீமும் குழந்தைகள் ஷாம்பூவும் பாத்திர லிக்விட் செய்கிற அதே வேலையைத்தான் செய்கின்றன. எச்சில் அவசரத்துக்கு ஓரிரு நிமிடம் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். உருளைக்கிழங்கு மாவுத் தடம்தான் விடுகிறது.

அரப்பைப் பற்றிக் கேட்டவர் ஈரோட்டுக்காரர், கேள்வி நியாயமானது. அரப்பிலும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருகிற சப்போனின் இருக்கிறது, கொள்கை சரிதான். ஆனால் பொடியில் இலைத்தூளும் மண்ணும் இருக்கும், அது லென்ஸைக் கீறும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் துணியில் வடிகட்டிய தெளிநீர் வேண்டுமானால் பரவாயில்லை. பக்கத்திலேயே பாத்திர லிக்விட் இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு என்பது என் கட்சி.

கடையில விக்கற ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரே வாங்கறதா? கோட்டிங் இருக்கற கண்ணாடிக்கு அடிக்கலாமா?

கோட்டிங் இல்லாத கண்ணாடிக்கு அடிக்கலாம். சோப்பைவிடச் சற்று அதிக நேரம் தாங்கும், எரிச்சலும் குறைவு. தொழிற்சாலையிலேயே கோட்டிங் போட்டு வந்த கண்ணாடிக்கு வேண்டாம். அந்தக் கோட்டிங் ஈரத்தை உறிஞ்சியோ பரப்பியோ வேலை செய்கிறது. மேலே வேறொன்றைப் பூசினால் அதன் வேலை அடைபட்டுப்போகும்.

கோட்டிங் நனைந்திருக்கும்போது மெத்தென்று இருக்கும், அப்போது தேய்த்தால் உரிந்துவிடும். காயவிட்டுத் துடையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர், அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர் எதுவும் வேண்டாம். தின்னரும் அசிட்டோனும் பாலிகார்பனேட்டையே வெடிக்கவைக்கும். துப்பாக்கி துடைக்கிற சால்வென்ட் பட்ட கையால் கண்ணாடியைத் தொடுவதும் இதில் சேரும், அதை யாரும் யோசிப்பதில்லை.

லேத் பட்டறையில போடற கண்ணாடியே இருக்குதுங்க. அது போதாதா?

கோவையில் எல்லார் வீட்டிலும் ஒரு பட்டறைக் கண்ணாடி கிடக்கும், அதனால் இந்தக் கேள்வி எப்போதும் வரும். தரக்குறி இருந்தால் போதும். பிரேமிலோ லென்ஸ் ஓரத்திலோ அமெரிக்கத் தரமான இசட்87 (Z87) என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் கூட்டல் குறியும் இருந்தால் அது வேகமாக வருகிற துகளுக்குச் சோதிக்கப்பட்டது. கூட்டல் குறி இல்லாதது அந்தச் சோதனைக்கு உட்படாதது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 166-இல் 'எஃப்' என்ற எழுத்து, விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வருகிற 6 மி.மீ. எஃகுக் குண்டைத் தாங்கியது என்பதைக் காட்டும். நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 5983. ராணுவத் தரக் கண்ணாடிகள் இவற்றைவிடப் பல மடங்கு கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன, வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம்.

ஆவி விஷயத்தில் ஈஎன் 166-இன் 'என்' (N) என்ற எழுத்தைப் பாருங்கள். மங்காமைக்கான சோதனையில் தேறியது என்று பொருள். ஆனால் அந்தச் சோதனை கேட்பது, வெதுவெதுப்பான ஈரக்காற்றில் குறைந்தது 8 விநாடி தெளிவாக நிற்க வேண்டும் என்பதைத்தான். பெட்டியில் அந்த எழுத்து இருக்கிறது என்பதற்காகக் கார்த்திகை மாதம் முழுக்கத் தெளிவாக இருக்கும் என்று நம்பி வராதீர்கள்.

நான்கு பக்கமும் ரப்பர் அடைத்த காகிள்ஸ் வேண்டாம். பட்டறையில் ரசாயனம் தெறிக்கிற வேலைக்கு அது சரி, வெளி ரேஞ்சில் வியர்வையை அடைத்துவைக்கும்.

பவர் கண்ணாடி போடறவனுங்க நான். மேல இன்னொண்ணு போட்டா ரெண்டுமே மங்குது.

இது உண்மையிலேயே கஷ்டமான நிலைமை. நான்கு பரப்பு, நடுவே காற்றோட்டமே இல்லாத இடம். மேல் கண்ணாடிக்கு மட்டும் சோப்புப் பூசிப் பயனில்லை, பவர் கண்ணாடிக்கு இரு பக்கமும் பூச வேண்டும். பவர் கண்ணாடியில் ஒளி பிரதிபலிக்காத கோட்டிங் இருந்தால் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு பூசுங்கள்.

இதைவிட நல்ல வழிகள் மூன்று. கான்டாக்ட் லென்ஸ் பழகினால் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். அல்லது உங்கள் பவரிலேயே பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட பாதுகாப்புக் கண்ணாடி செய்துகொள்ளலாம். மூன்றாவது, பாதுகாப்புக் கண்ணாடிக்குள் மாட்டுகிற சின்ன பவர் செருகல். இது மற்ற இரண்டையும்விட மலிவு, ஆனால் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் அதுவும் மங்கும். வருடக்கணக்கில் சுடப்போகிறவர் என்றால் இரண்டாவது வழிக்குச் செலவு செய்யுங்கள்.

போட்டி ரைபிள், பிஸ்டல் ஆட்கள் போடுகிற, ஒற்றை வட்ட லென்ஸும், ஒளியைக் கூட்டிக் குறைக்கிற ஐரிஸும் வைத்த சட்டம் குறி தெளிவாகத் தெரிவதற்கானது. அதைப் பாதுகாப்புக் கண்ணாடியாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இயர்மஃப் போட்டா இன்னும் மோசமாகுது. காதுக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?

இயர்மஃப்பின் மெத்தை கண்ணாடிக் காலை அழுத்தி லென்ஸை முகத்தோடு ஒட்டவைக்கிறது. பக்கவாட்டு இடுக்கும் மூடிப்போகிறது. மேலே சொன்ன காற்றுவழி அடைபட்டதுதான் காரணம். தட்டையான மெல்லிய கால் உள்ள கண்ணாடி எடுங்கள். தடித்த கால் என்றால் இயர்மஃப்பிலும் இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே வரும், இரட்டை நட்டம். காதுக்குள் செருகுகிற இயர்பிளக் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. .22-க்கு நன்றாகப் பொருத்தினால் அதுவே போதும்.

பக்கத்துல ரெண்டு ஓட்ட போட்டுட்டாக் காத்து போகுமில்லீங்க?

போகும். குறுக்கே விரிசலும் ஓடும். துளையின் ஓரத்தில்தான் பாலிகார்பனேட் உடையத் தொடங்கும், தரச்சோதனையும் அதோடு செல்லாமல் போய்விடும். காற்றுவழி வேண்டுமென்றால் செய்யும்போதே வழிவிட்ட கண்ணாடியை வாங்குங்கள். டிரில்லைக் கீழே வையுங்க, சாமி.

ட்ராப் சுடறப்ப, கட்டையில கன்னம் வெச்ச ஒடனே மங்கிருது. தட்டு பறக்கறதே தெரியறதில்ல.

ட்ராப் என்பது பறக்கிற தட்டை ஷாட்கன்னால் சுடுவது. துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை அழுத்தும்போது தசை மேலேறிக் கண்ணாடியைத் தூக்குகிறது, லென்ஸின் அடிப்பக்க இடுக்கு மூடிக்கொள்கிறது. மூச்சும் கட்டையில் பட்டு மேலே திரும்புகிறது. ட்ராப்புக்கு என்று வருகிற கண்ணாடிகளில் லென்ஸ் உயரமாகவும் மூக்குப் பட்டை மாற்றக்கூடியதாகவும் இருப்பது இதனால்தான். கன்னம் வைத்த நிலையில் முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று பார்த்து மூக்குப் பட்டையைச் சரிசெய்யுங்கள், நிமிர்ந்து நின்று சரிசெய்தால் பயனில்லை.

புதுக்கோட்டைக்காரரான பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது இந்த ட்ராப் பிரிவில்தான் என்பதால், இப்போது புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் இதைக் கேட்டுவருகிறார்கள். 110 மி.மீ. விட்டமுள்ள தட்டு. மங்கிய கண்ணாடியோடு அதைத் துரத்துவதைவிட, தட்டை விடச் சொல்கிற "புல்" சொல்லாமல் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தயாராவது நல்லது.

சுட்டுட்டு இருக்கறப்பவே மங்கிருச்சு. டக்குனு கழட்டித் தொடச்சுக்கலாமுங்களா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நீங்கள் நிறுத்திவிட்டாலும் பக்கத்து லேன்காரர் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய காலித் தோட்டா உங்கள் பக்கம்தான் தெறிக்கும். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கையில் துப்பாக்கியோடு திரும்புகிறவர்தான் ரேஞ்சில் எனக்குப் பயமூட்டுகிற ஆள். பார்வையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை, கையில் லோட் ஆன துப்பாக்கி வேறு.

செய்ய வேண்டியது இது. விரலை ட்ரிகரில் இருந்து எடுங்கள். குழாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும். தோட்டாவை இறக்கி, தோட்டா ஏறுகிற பகுதியான ஆக்ஷனைத் திறந்து, துப்பாக்கியை மேஜையில் வையுங்கள். ஷாட்கன் என்றால் மடித்துத் திறந்து காலியாக்குங்கள். ரேஞ்ச் அதிகாரிக்குக் கை காட்டுங்கள். ஃபயரிங் லைனைவிட்டுப் பின்னால், கண்ணாடி கட்டாயமில்லாத இடம்வரை வந்து, அப்புறம் கழற்றுங்கள். கண் ஒன்றும் தெரியாத அளவுக்கு மங்கிவிட்டால் துப்பாக்கியைப் பிடித்தபடி அசையாமல் நின்று வாயால் கூப்பிடுங்கள், யாராவது வருவார்கள்.

கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி மேல்வழியாகப் பார்ப்பதும் கழற்றியதற்குச் சமம். மேலே இடைவெளி விட்டால் சுடச்சுடக் காலித் தோட்டா லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே வந்து சிக்கும். காற்றுக்காக இடைவெளி விடச் சொன்னேனே, அது மயிரிழை அளவு. முன்னால் நீண்ட விளிம்புள்ள தொப்பி போட்டால் மேல் இடைவெளி கொஞ்சம் காப்பாற்றப்படும்.

அதெல்லாஞ் சரிங்க, போட்டியில நேரம் ஓடிட்டு இருக்குமே?

ஓடும். கண்ணாடி மங்கியதற்காக உங்களுக்குத் தனி நேரம் கிடைக்காது. அதனால் வேலையை முன்கூட்டியே முடியுங்கள். 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள், பிஸ்டலில் தயாரிப்புக்கும், குறியைச் சரிபார்க்கிற சைட்டிங்குக்கும் சேர்த்து 15 நிமிடம் கொடுக்கிறார்கள். அதற்கும் கொஞ்சம் முன்பே கண்ணாடியை வெளிக்காற்றில் வைத்துப் பழக்கி, போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். ஏசி அறையில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் வந்தால் சைட்டிங் நேரம் முழுக்க ஆவியோடு போய்விடும்.

25 மீட்டர் ரேப்பிட் ஃபயரின் வேகமான சுற்றில் 4 விநாடிக்குள் 5 குண்டு போக வேண்டும், அங்கே நடுவில் எதுவும் செய்ய முடியாது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி வைத்திருங்கள். ஒன்று முகத்தில், இன்னொன்று பெஞ்சில், வெளிக்காற்றில். சட்டைப் பைக்குள் வைக்காதீர்கள், வியர்வை ஈரம் பட்டு எடுக்கும்போதே மங்கியிருக்கும்.

படுத்துச் சுடறப்ப மட்டும் இப்படி ஆகுதுங்க. நின்னு சுட்டா ஒண்ணுமில்ல.

ரைபிள் சுடுகிறவர்கள் போடுகிற, கேன்வாஸும் தோலும் சேர்ந்த தடித்த ஜாக்கெட் உடம்புச் சூட்டை வெளியே விடாது. படுத்திருக்கும்போது அது கழுத்து வழியாக முகத்துக்கு ஏறுகிறது. தலை குனிந்திருப்பதால் வியர்வையும் லென்ஸ் பக்கம் வடிகிறது. ஜாக்கெட்டைக் கடைசியில் போடுங்கள், தொடருக்கும் தொடருக்கும் நடுவே மேல் பொத்தானைத் திறந்துவிடுங்கள். நெற்றிப்பட்டை இங்கே மிகவும் உதவும். பாயில் படுத்தபடியே கண்ணாடியைக் கழற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. சுடும்போது கழற்றக் கூடாது என்று மேலே சொன்னது படுத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

தூறல்ல என்ன பண்றதுங்க? உள்ள ஆவி, வெளிய மழத்துளி.

இரண்டுக்கும் எதிரெதிர் மருந்து. உள்ளே தண்ணீர் பரவ வேண்டும், வெளியே உருண்டு ஓட வேண்டும். அதனால் உள்பக்கத்துக்கு மட்டும் சோப்பு. வெளிப்பக்கத்துக்கு ஒன்றும் பூசாமல் சுத்தமாக வைத்து, தொப்பி விளிம்பால் காப்பாற்றுங்கள். மஞ்சள் லென்ஸ் போட்டால் மங்காது என்று ஒரு பேச்சு உலவுகிறது. மஞ்சள் லென்ஸ் மேகமூட்டத்தில் தட்டையும் டார்கெட்டையும் சற்று எடுப்பாகக் காட்டும், ஆவிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

கண்ணாடி தெளிவாத்தான் இருக்குதுங்க. ஆனா ஸ்கோப்ல பாத்தா மங்கலாத் தெரியுது.

அப்படியென்றால் மங்கியது, துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப்பின் கண்பக்க லென்ஸ். உங்கள் மூச்சுதான் காரணம். கன்னம் வைத்தபின் நீளமாக மூச்சு விடாதீர்கள், மூக்கு வழியாகக் கீழே விடுங்கள். இரும்பு சைட்டின் பின்துளையில் வடிகட்டி லென்ஸ் மாட்டியிருந்தால் அதற்கும் இதே கதைதான். ஏசி காரில் இருந்து எடுத்த ஸ்கோப் கண்ணாடியைவிட அதிக நேரம் மங்கியிருக்கும். உலோகக் குழாயும் கனத்த லென்ஸும் வெளிவெப்பத்துக்கு வர நேரமாகும், பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

துடைத்தும் போகாமல், காத்திருந்தும் போகாமல் இருந்தால் ஆவி ஸ்கோப்பின் உள்ளே இருக்கிறது. நல்ல ஸ்கோப்புகளில் ஈரமில்லாத நைட்ரஜனையோ ஆர்கானையோ அடைத்து மூடியிருப்பார்கள். உள்ளே மங்குகிறது என்றால் எங்கோ சீல் விட்டுவிட்டது. வெயிலில் வைத்துக் காயவைத்தால் அன்றைக்குத் தெளியும், அடுத்த குளிர்ந்த காலையில் மறுபடி வரும். நீங்களே திருகைக் கழற்றாமல், வாங்கின இடத்தில் கொடுத்து வாயு அடைத்துத் தரச் சொல்லுங்கள்.